ஒரு சமையல் புத்தகம் முழுவதையும் வீட்டில் சமைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மாமியார் கொடுத்த ‘சமைத்துப் பார்’ பழைய பிரதியில் ஒன்று விடாமல் செய்து பார்ப்பது என்று நானும் என் கணவரும் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. எஸ். மீனாக்ஷி அம்மாள் எழுதி 1951-ல் வெளிவந்த புத்தகம். கல்யாணமான பெண்களுக்குச் சீராகவே கொடுத்தனுப்பிய வீடுகள் உண்டு. இப்படி ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும் தம்பதிகள் எங்கே சறுக்குவார்கள் என்று இப்போது எங்களுக்குத் தெரிகிறது.

பெரிய தவறு, முதல் பக்கத்தில் தொடங்கி வரிசையாகப் போவது. அப்படிப் போனால் ஒரு மாதம் முழுக்கக் குழம்பு, அடுத்த மாதம் முழுக்க ரசம் என்றாகிவிடும். ஒரு குழம்பு, ஒரு ரசம், ஒரு கறி என்று வெவ்வேறு பகுதியிலிருந்து எடுத்தால் ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே மூன்று குறிப்பு முடியும்.

அதைவிட முக்கியம் பருவம். மாவடு மாசி, பங்குனியில்தான் சந்தைக்கு வரும். வேப்பம்பூவை அது உதிரும் நாட்களில் பொறுக்கி உலர்த்தி வைக்க வேண்டும். பச்சை மொச்சைக்குத் தை மாதம், வடாமுக்குச் சித்திரை வெயில். ஆகவே அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே புத்தகம் முழுவதையும் படித்து, இவற்றை மட்டும் காலண்டரில் குறித்துவிடுங்கள். நாங்கள் குறிக்கவில்லை. மாவடுவுக்காக அடுத்த மாசி வரை காத்திருந்தோம்.

அப்புறம் அளவு. நாட்டில் மெட்ரிக் முறை 1958-ல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய புத்தகத்தில் ஆழாக்கு என்ற முகத்தல் அளவும் பலம் என்ற எடையும்தான் இருக்கும். ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, 8 ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. ஆழாக்குக்குச் சரியான மில்லி கணக்கைத் தேடி அலைய வேண்டாம். எங்களுக்கு 200 மில்லி டம்ளர் பொருந்தியது. அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அந்த ஒரே டம்ளரில் அளந்தால் விகிதம் தப்பாது.

அந்தக் காலத்துக் குறிப்புகள் பெரிய குடும்பத்துக்கானவை. இரண்டு பேருக்குக் குறைக்கும்போது பாத்திரத்தையும் சிறிதாக்குங்கள். அகலமான பாத்திரத்தில் கொஞ்சமாகப் புளித்தண்ணீர் விட்டால் சீக்கிரம் சுண்டி, உப்பும் புளிப்பும் ஏறிவிடும். ஊறுகாயில் மட்டும் உப்பு, எண்ணெய் விகிதத்தில் கை வைக்காதீர்கள். கெடாமல் காப்பதே அவைதான்.

ஒரே அடுப்பில் இருவரும் கை வைப்பதும் சரிவராது. ஒருவர் சமைக்க, மற்றவர் குறிப்பை வாசிக்கட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். வாசிப்பவர் முதல் நாள் இரவே கடைசி வரி வரை படித்துவிட வேண்டும். ஊறவைப்பதும் புளிக்கவைப்பதும் நடுவில் எங்காவது ஒரு வரியில்தான் இருக்கும்.

கெடு வைப்பது பற்றி: நியூயார்க்கில் ஜூலி பவல் என்ற பெண் 2002-ல் தொடங்கி 365 நாளில் ஒரே புத்தகத்திலிருந்து 524 பிரெஞ்சுக் குறிப்புகளைச் சமைத்தார். பெரிய உழைப்பு, மதிக்கிறேன். ஆனால் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் வாரத்துக்கு நான்கு போதும் என்பேன். முதல் தடவை எதையும் மாற்றாமல் சொன்னபடியே செய்யுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தேதி, எந்த டம்ளர், உப்பு கூடியதா குறைந்ததா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் நினைவில் நிற்காது.