பழைய காரின் இன்ஜினில் புதுச் சத்தமா?

பழைய காரில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால், முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே இன்ஜினின் மேல்பக்கம் ‘டிக் டிக்’ என்று டாப்பெட் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் வரும்.

அளவு சரியாக இருக்கிறதா? அப்புறம் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடலாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வு கவர் (இன்ஜினின் மேல்மூடி), ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), வாட்டர் பம்ப் என ஒவ்வொன்றின் சுழலாத பகுதியிலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். கோளாறு உள்ள இடத்தில் சத்தம் தெளிவாகக் கேட்கும். எளிய வழிதான், ஆனால் நான் முதலில் நம்புவது இதைத்தான். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துணியோ முடியோ போகாமல் கவனமாக இருங்கள்.

குளிர்ந்த இன்ஜினில் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் (இன்ஜினும் புகைக்குழாயும் சேரும் இடத்தை அடைக்கும் தகடு) கசிவாக இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டுவிடும். கிறீச்சிட்டால் பெரும்பாலும் பெல்ட்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக இடித்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம். உடனே இன்ஜினை அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்தே கொண்டு போங்கள். தொடர்ந்து ஓட்டினால் ராட் உடைந்து இன்ஜின் பிளாக்கே (இன்ஜினின் உடல்பகுதி) ஓட்டையாகலாம்.