ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸைத் தேடுவது எப்படி: பூல் போடுவதிலிருந்து ஜெல் பார்ப்பது வரை

கொசுவில் வைரஸ் இல்லாததால் நெகட்டிவ் வருவது ஒன்று. இருந்த வைரஸின் ஆர்என்ஏ (அதன் மரபுப் பொருள்) வழியிலேயே சிதைந்துபோய் நெகட்டிவ் வருவது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் பிசிஆர் (மரபுப் பொருளின் ஒரு துண்டைப் பல கோடியாகப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) போட்டே பயனில்லை. அதனால் இங்கே இயந்திரத்தைவிடக் கொசுவைப் பற்றியும் கன்ட்ரோல்களைப் (முடிவு என்னவென்று முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகள்) பற்றியும்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

முறை: 1992-இல் லான்சியோட்டி குழுவினர் வெளியிட்ட இரண்டு சுற்று ஆர்டி-பிசிஆர், அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்குவது. ரியல்-டைம் இயந்திரம் இருந்தால் அதுவே மேல், ஏனென்றால் குழாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் பல கல்லூரி ஆய்வகங்களில் இருப்பது சாதாரண தெர்மல் சைக்கிளரும் ஜெல் பெட்டியும்தான். கற்றுக்கொள்பவர்களுக்குப் பேண்டை (ஜெல்லில் டிஎன்ஏ காட்டும் கோடு) கண்ணால் பார்ப்பதும் நல்லது.

1. கொசுவைப் பிடித்ததும்

பிடித்த கொசுவை உயிரோடு ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். வழியில் செத்து வெயிலில் கிடந்த கொசுவின் ஆர்என்ஏவை நம்ப முடியாது. வந்ததும் மைனஸ் 20 ஃப்ரீசரில் சில நிமிடம் வைத்தால் அசைவு நின்றுவிடும். ஐஸ் மேல் வைத்த பெட்ரி தட்டில் கொட்டி, நுண்ணோக்கியின் கீழ் பிரிக்கலாம். மார்பின் மேல் யாழ் வடிவ வெள்ளைக் கோடுகள் இருந்தால் ஏடிஸ் எஜிப்தி. நடுவில் ஒரே ஒரு வெள்ளிக் கோடு என்றால் ஏடிஸ் ஆல்போபிக்டஸ். உணர்கொம்பு அடர்ந்த இறகு போலிருந்தால் ஆண்.

ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கும் கொசுக் கூட்டம்தான் பூல். ஒரு பூலில் ஒரே இனம், ஒரே பால், ஒரே இடம், ஒரே தேதி. எண்ணிக்கை 25-ஐத் தாண்ட வேண்டாம். வயிறு சிவந்த பெண் கொசுக்களைத் தனியாக வையுங்கள். அவற்றில் பாசிட்டிவ் வந்தால், கொசுவுக்கே தொற்றா அல்லது சற்றுமுன் குடித்த நோயாளியின் ரத்தத்தில் இருந்த வைரஸா என்று சொல்ல முடியாது. ஆண்களையும் தூக்கி எறியாதீர்கள். ஆண் கொசு ரத்தம் குடிப்பதில்லை. அதில் வைரஸ் இருந்தால், பெரும்பாலும் தாயிடமிருந்து முட்டை வழியே வந்திருக்க வேண்டும்.

உடனே அரைக்காவிட்டால் மைனஸ் 80-இல் வையுங்கள். உறைந்த பூலை உருகவிட்டு மறுபடி உறைய வைப்பது ஆர்என்ஏவுக்கு ஆகாது.

2. அரைத்தல்

2 மில்லி குழாயில் பூலைப் போட்டு, 5 மில்லிமீட்டர் ஸ்டீல் மணி ஒன்றும், ஐஸில் வைத்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்) 500 மைக்ரோலிட்டரும் சேருங்கள். பீட் மில்லில் 25 ஹெர்ட்ஸில் 2 நிமிடம் போதும். கால்களும் இறக்கைகளும் முழுசாகத் தெரிந்தால் இன்னொரு நிமிடம். பிறகு 4 டிகிரியில் 10,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றுங்கள்.

மூடியை உடனே திறக்கக் கூடாது. அரைத்த குழாய்க்குள் நுண்துளிகள் மிதக்கும். சுழற்றி முடிந்த பிறகு, பயோசேஃப்டி கேபினெட்டுக்குள், கையுறையோடு திறங்கள். வைரஸை உடைக்கும் லைசிஸ் பஃபர் சேரும்வரை அதில் உயிருள்ள வைரஸ் இருக்கலாம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

3. ஆர்என்ஏ பிரித்தல்

கியாஆம்ப் வைரல் ஆர்என்ஏ மினி கிட் என்றால் அளவுகள் இவை. மேல்தெளிவு 140 மைக்ரோலிட்டர், கேரியர் ஆர்என்ஏ (கொஞ்சமே உள்ள வைரஸ் ஆர்என்ஏ தவறிப்போகாமல் இருக்கச் சேர்ப்பது) கலந்த ஏவிஎல் எனும் லைசிஸ் பஃபர் 560, அறை வெப்பத்தில் 10 நிமிடம். பிறகு எத்தனால் 560. இரண்டு தவணையாக ஸ்பின் காலம் எனும் வடிகட்டிக் குழாயில் ஏற்றி, ஏடபிள்யூ1 500, ஏடபிள்யூ2 500 என்ற பஃபர்களால் கழுவி, ஏவிஇ பஃபர் 60 மைக்ரோலிட்டரில் இறக்குங்கள். ஏடபிள்யூ2-க்குப் பிறகு புதுக் குழாயில் வைத்து ஒரு நிமிடம் வெறுமனே சுழற்ற மறக்காதீர்கள். எத்தனால் தங்கிவிட்டால் பிசிஆர் அடைத்துக்கொள்ளும்.

கேரியர் ஆர்என்ஏ இருப்பதால் நானோடிராப் (ஆர்என்ஏ அளவு பார்க்கும் கருவி) காட்டும் அளவுக்கு இங்கே அர்த்தம் கிடையாது. அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

4. கன்ட்ரோல்கள்

புதியவர்கள் பணத்தை மிச்சப்படுத்த முதலில் வெட்டுவது இதைத்தான். ஒவ்வொரு தொகுப்பிலும் குறைந்தது இவை வேண்டும்:

- ஆய்வகத்தில் வளர்த்த, தொற்றில்லாத 25 கொசுக்களின் பூல் ஒன்று, அரைப்பதிலிருந்தே கூட வர வேண்டும்.
- அதே போன்ற இன்னொரு பூலில் அளவு தெரிந்த டெங்கு ஆர்என்ஏ. இதை ஏவிஎல் ஊற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அதற்கு முன் சேர்த்தால் கொசுவின் ஆர்என்ஏஸ் நொதிகள் நொடியில் தின்றுவிடும்.
- ஆர்என்ஏவுக்குப் பதில் தண்ணீர்.
- பாசிட்டிவ் கன்ட்ரோல். செயற்கையாகப் படியெடுத்த ஆர்என்ஏ போதும், இதற்காக வைரஸ் வளர்க்கத் தேவையில்லை.
- எல்லா மாதிரிகளிலும் கொசுவின் 18எஸ் ஆர்ஆர்என்ஏவுக்கு (எல்லாக் கொசு செல்லிலும் இருக்கும் ஆர்என்ஏ) ஒரு தனி வினை. இது வராவிட்டால் சோதனையே தோல்வி.

ஆர்என்ஏ சேர்த்த பூலில் பேண்ட் மங்கினாலோ மறைந்தாலோ, பிசிஆரைத் தடுக்கும் பொருள் உள்ளே வந்திருக்கலாம். கொசுவின் கண் நிறமிகளும் செரித்த ரத்தத்தின் ஹீமும் வழக்கமான குற்றவாளிகள். ஆர்என்ஏவை 1:10 நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். நீர்த்தால் பேண்ட் திரும்பி வருவது தடுப்பான் இருந்ததற்கான நல்ல அடையாளம். அடுத்த முறை தலையை நீக்கிவிட்டு அரைக்கலாம், ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் மார்பில் இருப்பதால் மார்பைத் தொடாதீர்கள்.

5. முதல் சுற்று

ஒரு வினைக்கு 25 மைக்ரோலிட்டர்: இருமடங்கு ஒன்-ஸ்டெப் மிக்ஸ் 12.5, டி1 பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு; 10 மைக்ரோமோலார்) 1, டி2 பிரைமர் 1, நொதி 1, தண்ணீர் 4.5, ஆர்என்ஏ 5. நொதியின் அளவு கிட்டுக்குக் கிட்டு மாறும். அதற்கேற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறையுங்கள். 20 வினைக்கு 22 வினைக்கான மாஸ்டர் மிக்ஸ் கலக்குங்கள், பிப்பெட்டில் ஒட்டிப்போவதற்கு அது சரியாக இருக்கும்.

50 டிகிரியில் 30 நிமிடம், 95-இல் 2 நிமிடம் (ஹாட்-ஸ்டார்ட் நொதி என்றால் கிட் சொல்லும் நேரம்). பிறகு 94-இல் 30 நொடி, 55-இல் 1 நிமிடம், 72-இல் 1 நிமிடம் என 35 சுழற்சி. டெங்குவின் எந்த வகையானாலும் கிடைக்க வேண்டிய துண்டு 511 பேஸ் பேர் (டிஎன்ஏவின் நீள அலகு).

6. இரண்டாம் சுற்று

முதல் சுற்றின் விளைபொருளை 1:100 நீர்த்து, டி1-உடன், டெங்குவின் நான்கு வகைகளுக்கும் ஒவ்வொன்றாக டிஎஸ்1 முதல் டிஎஸ்4 வரை நான்கு பிரைமர்களைச் சேர்த்து 20 சுழற்சி. குழாயைத் திறக்கும் இந்த இடம்தான் ஆபத்தான இடம். கோடிக்கணக்கான பிரதிகள் உள்ளே இருக்கின்றன. மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் அறைக்குள் இந்தக் குழாய் நுழையவே கூடாது. ஃபில்டர் டிப், தனி பிப்பெட், வேலை முடிந்ததும் மேசைக்கு 10 சதவீத பிளீச். தண்ணீர் கன்ட்ரோலில் பேண்ட் வந்தால் அன்றைய முடிவு முழுவதும் செல்லாது. "மாதிரியின் பேண்ட் அதைவிடப் பளிச்சென்று இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

7. ஜெல்

50 மில்லி பஃபரில் 1 கிராம் அகரோஸ், 2 சதவீத ஜெல், நீளத்தை ஒப்பிட 100 பேஸ் பேர் லேடர். டெங்கு-1 482-இல், டெங்கு-2 119-இல், டெங்கு-3 290-இல், டெங்கு-4 392-இல் வரும்.

இரண்டு இடங்களில் ஏமாறலாம். டெங்கு-2-இன் 119, பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டாகும் மங்கலான கறைக்குப் பக்கத்தில் நிற்கும். தண்ணீர்க் குழியிலும் அதே உயரத்தில் கறை தெரிந்தால் அது வைரஸ் அல்ல. டெங்கு-1-இன் 482-ஐ முதல் சுற்றில் மிஞ்சிய 511-இலிருந்து பிரிக்க ஜெல்லை அவசரப்படாமல் நீள ஓட்ட வேண்டும். பாசிட்டிவ் கன்ட்ரோலைச் சந்தேக மாதிரிக்குப் பக்கத்துக் குழியிலேயே போடுங்கள். பேண்டை வெட்டி சீக்வென்சிங் அனுப்பிய பிறகே வகையை உறுதியாக எழுதுங்கள்.

டெங்கு சேர்ந்த ஃப்ளேவிவைரஸ் பேரினம் முழுவதையும் பிடிக்கும் பொதுப் பிரைமர்களைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. செல் ஃப்யூசிங் ஏஜென்ட் வைரஸ் போல மனிதரைத் தொற்றாத பூச்சி வைரஸ்களும் அதில் பாசிட்டிவ் காட்டும். ஏடிஸின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே பழைய ஃப்ளேவிவைரஸ் துண்டுகள் டிஎன்ஏவாகப் பதிந்து கிடக்கின்றன. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) இல்லாமல், டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் நொதி மட்டும் வைத்து ஒரு வினை ஓட்டுங்கள். அதிலும் பேண்ட் வந்தால் நீங்கள் பார்ப்பது டிஎன்ஏ.

8. கணக்கு

பாசிட்டிவ் பூல்களை மொத்தக் கொசுக்களால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் குறைந்தபட்சத் தொற்று விகிதம். 25 கொசு கொண்ட 40 பூல்களில் 3 பாசிட்டிவ் என்றால் ஆயிரத்துக்கு 3. பாசிட்டிவ் பூலில் ஒரே ஒரு கொசுவுக்குத்தான் தொற்று என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. 3 பூல் வரை பரவாயில்லை; அதிகபட்ச நிகழ்தகவு முறையில் கணக்கிட்டாலும் 3.1 தான் வரும். அதே 40-இல் 20 பாசிட்டிவ் ஆனால் இந்த எளிய கணக்கு 20 என்றும், மற்றது 27.3 என்றும் சொல்லும். பாசிட்டிவ் பூல்கள் கூடும்போதும், பூல்களின் அளவு ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும்போதும் இரண்டாவது முறையையே எழுதுங்கள். 18எஸ் பேண்ட் வராத பூல்களை நெகட்டிவ் கணக்கில் சேர்க்காமல், சோதனை தோல்வி என்று தனியாகக் குறியுங்கள்.