சுற்றும் பாகம் இல்லாத காற்றுமானி: மாட்டும்போதும் பராமரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்ணம் வைத்த பழைய காற்றுமானி பழுதானால் கீழிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். கிண்ணம் தயங்கித் தயங்கிச் சுற்றும், இல்லையென்றால் நின்றே போகும். காதுக்குக் கேட்காத ஒலியால் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் மீயொலிக் காற்றுமானியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. கோளாறு வந்தாலும் கம்பத்தின் உச்சியில் அதே மாதிரிதான் நிற்கும், எண்களையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்கள் நம்பும்படியாகவும் இருக்கும். "தேய்மானமே இல்லை, மாட்டிவிட்டு மறந்துவிடலாம்" என்ற நினைப்புதான் நான் பார்த்த முக்கால்வாசித் தவறுகளுக்கு வேர்.

கருவி எப்படி அளக்கிறது என்று தெரிந்தால் தவறுகளும் புரியும். எதிரெதிராக உள்ள இரண்டு ஒலிமுனைகள் மாறி மாறி ஒலித்துடிப்பை அனுப்பிக்கொள்கின்றன. காற்றோடு போகும் ஒலி சற்று முன்னால் வந்து சேரும், எதிர்த்து வரும் ஒலி சற்றுத் தாமதிக்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். முனைகளுக்கு இடையே 10 செ.மீ. என்றால் கடக்க ஆகும் நேரம் ஏறத்தாழ 290 மைக்ரோநொடி. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதில் ஒரு மைக்ரோநொடியைக்கூட முழுதாக மாற்றாது. அவ்வளவு நுணுக்கமான கணக்கு. இரண்டு திசை நேரங்களையும் சேர்த்துக் கணக்கிடுவதால் வெப்பத்தால் ஒலியின் வேகம் மாறுவது அதில் அடிபட்டுப் போகும். ஆனால் முனைகளுக்கு இடையிலான தூரம் மாறினால் அந்தப் பிழை அப்படியே தங்கிவிடும். ஆகவே கருவியை அதன் கைகளைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அடிப்பாகத்தைப் பிடியுங்கள். 10 செ.மீ. இடைவெளியில் 1 மி.மீ. மாறினால் வேகக் கணக்கில் ஒரு சதவீதம் போச்சு.

அடுத்தது இடம். உலக வானிலை அமைப்பின் அளவுகோல், திறந்த வெளியில் 10 மீட்டர் உயரம். ஒரு தடையின் உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். 6 மீட்டர் வேப்பமரம் இருந்தால் 60 மீட்டர் தள்ளி. நகரத்து வீட்டில் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும். அதற்காகக் கைப்பிடிச் சுவரில் இரண்டு அடிப் பைப்பைக் கட்டி மாட்டிவிடாதீர்கள். சுவரில் மோதும் காற்று மேலே எழும்பிச் சுழலும். தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கமும் அப்படித்தான். உடுமலைப் பக்கம் எங்கள் மாடியில் முதலில் படிக்கட்டு அறையின் ஓரத்தில்தான் வைத்தேன். ஆனி மாதத்தில் மேல்காற்று தென்னையை வளைத்துக்கொண்டிருந்தபோது கருவி மட்டும் சாந்தமாக இருந்தது. கம்பத்தை நான்கு மீட்டர் உயர்த்திய பிறகுதான் காற்று உண்மையில் எப்படி வீசுகிறது என்று தெரிந்தது. உயர்த்தினால் கம்பம் ஆடக்கூடாது, இழுவைக் கம்பி கட்டுங்கள். கருவி மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண்ணளவு போதாது.

வடக்கு பார்த்து வைப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கருவியில் வடக்குக் குறி இருக்கும், அதை வடக்கே திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரும்புப் பைப்புக்குப் பக்கத்தில், கம்பி போட்ட கான்கிரீட் தளத்தின் மேல் நின்று கைப்பேசித் திசைகாட்டியைப் பார்த்தால் அது எங்கோ காட்டும். எங்கள் மாடியில் 20 டிகிரிக்கு மேல் விலகியது. செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் வீட்டையும் தூரத்துக் கோபுரம் ஒன்றையும் எடுத்துக் கோணத்தை அளந்து, அதை வைத்துத் திருப்புங்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஓரிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அது தொல்லை இல்லை. இரும்புதான் தொல்லை.

வைத்ததைச் சரிபார்க்க எங்கள் பகுதியில் ஒரு நல்ல வழி உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்காக இங்கே வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. ஓடும் காற்றாலையின் இறக்கை காற்று வரும் பக்கத்தைப் பார்த்து நிற்கும். அது மேற்கே பார்த்திருக்க, உங்கள் கருவி 90 டிகிரி, அதாவது கிழக்கு, என்று காட்டினால் குறி தலைகீழ். காற்றின் திசை என்பது அது எங்கிருந்து வருகிறது என்பதுதான், எங்கே போகிறது என்பதல்ல.

மாட்டிய பின் வரும் எதிரிகள் சின்னவை. சிலந்தி. முனைகளுக்கு இடையில் ஒரு இழை கட்டினாலே ஒலி தடுமாறும். குளவி மண்கூடு வைக்கும், காகம் உட்கார்ந்து எச்சமிடும். பறவை உட்காராமல் தடுக்கும் முள் தரும் நிறுவனங்கள் உண்டு, வாங்கிப் போடுங்கள். மழைத்துளி முனையில் ஒட்டினால் திடீரென்று ஓர் அபத்தமான வேகம் பதிவாகும். பல கருவிகள் ஒவ்வொரு வரியிலும் நிலைக் குறியீடு ஒன்றை அனுப்பும். கில் நிறுவனத்தின் விண்ட்சோனிக் காற்றுமானியில் 00 என்றால் எல்லாம் சரி. பதிவுக் கருவியில் வேகத்தையும் திசையையும் மட்டும் சேமித்து, இந்தக் குறியீட்டை வீசி எறிபவர்கள்தான் அதிகம். பிறகு எது புயல், எது மழைத்துளி என்று பிரிக்கவே முடியாது.

சுத்தம் செய்கிறேன் என்று கெடுப்பதும் நடக்கிறது. பைக் கழுவும் அழுத்தத் தண்ணீர், தின்னர், சுரண்டும் பிளேடு எதுவும் ஆகாது. மென்மையான துணியில் லேசான சோப்புத் தண்ணீர் போதும். முனையின் முகத்தை அழுத்தக்கூடாது.

திசைக்குச் சராசரி எடுப்பதையும் சொல்ல வேண்டும். 350 டிகிரி, 10 டிகிரி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். வடக்குக் காற்று தெற்காகிவிட்டது! கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என்று கூறுகளாகப் பிரித்து, அவற்றைச் சராசரி எடுத்துத்தான் திசையாக்க வேண்டும். 10 நிமிடச் சராசரியும் 3 நொடி வீச்சும் (திடீரென எழும் காற்றின் வேகம்) வழக்கமான அளவுகள்.

அப்புறம் கேபிள். கருவியின் எண்களைக் கொண்டுவரும் ஆர்எஸ்-232 வகை இணைப்பு 15 மீட்டர் வரைக்கும்தான். மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை இழுப்பதென்றால் ஆர்எஸ்-485 வகை, அது 1,200 மீட்டர் வரை தாங்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இடிதாங்கி கருவியைவிட உயரமாக, சற்றுத் தள்ளி நிற்கட்டும். மின்சாரத்துக்கு பேட்டரி கட்டாயம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியபோது மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. காற்றை அளந்தே ஆகவேண்டிய இரவில்தான் மின்சாரம் முதலில் போகும்.

வருடத்துக்கு ஒருமுறை, மேல்காற்று தொடங்குவதற்கு முன் சித்திரையில், கருவியை இறக்கிச் சோதியுங்கள். பெரிய அட்டைப்பெட்டியின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சுத்தாள் ஒட்டி, எதிரொலி இல்லாதபடி கருவியை மூடினால் வேகம் சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். கையேட்டில் சொன்ன எல்லையைத் தாண்டினால் முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் தாண்டினால் தயாரிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும், நாமாகத் திறக்கக்கூடாது. இறக்குவதற்கு முன்பே பைப்பிலும் கருவியின் அடிப்பாகத்திலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் மார்க்கரால் போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு சேர்ந்தால் வடக்கைத் தேடும் வேலை மிச்சம்.