ரன்-ஃபிளாட் டயருக்கும் ஏர் பம்ப் வேண்டும்

காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் போட்ட காரில் ஊட்டி ஏறினாலும், டிக்கியில் 12 வோல்ட் ஏர் பம்ப் ஒன்று கிடக்கட்டும். டேஷ்போர்டில் டயர் காற்று குறைந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, ஆணியைப் பிடுங்காமல், டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றடித்து மெதுவாக பஞ்சர் கடைக்கு ஓட்டுங்கள்.

காற்றே இல்லாமலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. போகும்தான். ஆனால் கார் எடை முழுக்க டயரின் பக்கச் சுவரில் இறங்கி, சூடேறி, உள்ளே நைந்துவிடும். பஞ்சரோடு முடிய வேண்டியது புது டயரில் போய் நிற்கும். முழு லோடோடு கல்லட்டி ஏற்றத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த 80 கி.மீ. கணக்கை நம்பவே வேண்டாம்.

பக்கச் சுவர் கிழிந்திருந்தாலோ, அடிக்க அடிக்கக் காற்று இறங்கினாலோ பம்ப் உதவாது. இந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னியும் இருக்காது, ரெக்கவரி வண்டிதான்.