இலை எடைக் கணக்கை வைத்து ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் பழகலாம்

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைப் பறித்து அன்றன்றைக்கே எடை போட்டுவிடுவார்கள், காசு அப்புறம்தான் வரும். அதுவரை அவர்கள் கையில் இருப்பது அந்த எடைக் கணக்கு மட்டும்தான். அதையே எடுத்துக்கொண்டு, புரோகிராமின் ஆப்ஜெக்ட்டுகளை அப்படியே சேமிக்கும் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸையும், டேபிள்களில் சேமிக்கும் வழக்கமான டேட்டாபேஸையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். விவசாயி ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுகளை வார்க்கும் அச்சு), எடை ஒரு கிளாஸ், ஒரு விவசாயிக்குப் பல எடை.

முதலில் நேரடி வழி. பைத்தான் மொழிக்கு இசட்ஓடிபி (ZODB) என்ற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் இருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள். விவசாயி கிளாஸை அதன் பெர்சிஸ்டென்ட் (Persistent) கிளாஸிலிருந்து உருவாக்கி, ஆப்ஜெக்ட்டை ரூட்டில், அதாவது டேட்டாபேஸின் தொடக்க இடத்தில், வைத்து கமிட் செய்தால் (சேமித்தால்) முடிந்தது. டேபிளும் இல்லை, டேபிளிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் (SQL) இல்லை.

இங்கேதான் நான் ஒரு சாயங்காலம் முழுக்க மாட்டிக்கொண்டேன். எடைகளைச் சாதாரண லிஸ்டில் வைத்திருந்தேன். ஏற்கெனவே சேமித்த விவசாயிக்குப் புதிதாக 18 கிலோவைச் சேர்த்து கமிட் கொடுத்தேன், பிழை எதுவும் வரவில்லை, ஆனால் புரோகிராமை மூடித் திறந்தால் அந்த 18 கிலோவைக் காணோம். லிஸ்டுக்குள் நடந்த மாற்றம் அதை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்டுக்குத் தெரியாது. அதற்குப் பதில், தன் மாற்றத்தைத் தானே தெரிவிக்கும் பெர்சிஸ்டென்ட்லிஸ்ட் (PersistentList) போடுங்கள், சரியாகிவிடும். ஒருவர் மழையில் நின்று பறித்த இலை அது, தொலையக் கூடாது.

அடுத்து டேபிள் வழி: ஒரே கோப்பில் இருக்கும் எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸ், அதன்மேல் டேபிள் வரிசைகளை ஆப்ஜெக்ட்டுகளாகக் காட்டும் எஸ்க்யூஎல்ஆல்கெமி (SQLAlchemy). இரண்டு டேபிள், எடை டேபிளில் விவசாயி எண்ணுக்கு ஒரு நெடுவரிசை. டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகளைத் திரையில் காட்டும் எக்கோவை (echo) ஆன் செய்துவிட்டு, 40 விவசாயிகளின் எடையை லூப் போட்டுக் கூட்டிப் பாருங்கள், திரையில் 41 கேள்விகள் ஓடும்: விவசாயிகளுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கு ஒன்று. எல்லாருடைய எடையையும் மொத்தமாக எடுக்கும் செலக்ட்இன்லோட் (selectinload) சேர்த்தால் இரண்டே கேள்வி.

சரி, எது நல்லது? மாத மொத்தம் கேட்டால் டேபிளில் ஒரு குரூப் பை (GROUP BY, பிரித்துக் கூட்டும் எஸ்க்யூஎல் கட்டளை) போதும். இசட்ஓடிபியில் ஒவ்வொரு விவசாயியையும் திறந்து நாமே கூட்ட வேண்டும், வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸையும் நாமே பராமரிக்க வேண்டும். பாகத்துக்குள் பாகமாகப் போகும் கேட் (CAD, கணினியில் செய்யும் பொறியியல் வடிவமைப்பு) வரைபடம் என்றால் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்தான் எனக்குப் பிடிக்கும், அந்த வகை டேட்டாபேஸ்கள் 1980களில் வளர்ந்ததற்கு அந்த வேலையும் ஒரு காரணம். கூட்டிக் கழிக்கும் கணக்குக்கு டேபிள்தான்.

கடைசியாக, விவசாயி கிளாஸின் பெயரை மட்டும் மாற்றி இரண்டையும் திறந்து பாருங்கள். இசட்ஓடிபி பழைய பெயரில் கிளாஸைத் தேடி, கிடைக்காமல், உடைந்த ஆப்ஜெக்ட்டைத் தரும். எஸ்க்யூலைட் கோப்பில் அதே டேபிள், அதே 18 கிலோ, பைத்தானே தெரியாதவரும் திறந்து படிக்கலாம்.