பி.எட். முடித்து வெளிநாடு போக நினைக்கிறவர்களுக்கு: முதல் இரண்டு வருஷத்தை இப்படிச் சேர்த்து வையுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மீனவ ஊரான தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்கு மாதத்தில் ஒருவராவது பைலும் கையுமாக வந்துவிடுவார்கள். "டீச்சர், பி.எட். முடிச்சாச்சு. வெளிநாட்டுக்கு எங்கே அப்ளை பண்றது?" மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் நான்கு வருஷம் கணக்கு நடத்திவிட்டு வந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உன் வகுப்பில் யாராவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நீ நடத்துவதைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?" இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படியானால் அப்ளிகேஷன் கொஞ்சம் பொறுக்கட்டும்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பயிற்சி முடித்துத் தகுதி பெற்ற புது ஆசிரியர் ‘இண்டக்ஷன்’ என்ற காலத்தைக் கடக்க வேண்டும். முன்பு அது ஒரு வருஷம். 2021 செப்டம்பரிலிருந்து இரண்டு வருஷம். முதல் வருஷம் பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாம் வருஷம் 5 சதவீதமும் குறைத்துக் கொடுப்பார்கள். மென்டர் என்று ஒரு மூத்த ஆசிரியர் கூடவே இருப்பார். வகுப்பைப் பார்ப்பார்கள், பேசுவார்கள், ஒவ்வொரு வருஷ முடிவிலும் முறையாக மதிப்பிடுவார்கள். இதில் தேறாதவருக்கு இரண்டாவது முறை கிடையாது. அங்கே படித்துவிட்டு வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடி இண்டக்ஷனை முடிக்கலாம், ஆனால் அந்தப் பள்ளி இங்கிலாந்து அரசின் முறைப்படி ஆய்வு செய்து அங்கீகரிக்கப்பட்ட பிரிட்டிஷ் பள்ளியாக இருக்க வேண்டும். போர்டில் ‘பிரிட்டிஷ்’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. உடனே தொடங்கியாக வேண்டும் என்ற கெடு இல்லை என்பது ஆறுதல்.

நம் ஊரில் தனியார் பள்ளியில் சேருகிறவருக்கு இப்படி ஒன்றும் கிடையாது. பி.எட். காலத்தில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி உண்டு, முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. அது நல்ல தொடக்கம். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஆறு பீரியடைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதனால் இண்டக்ஷனை நாமே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படிக் கேட்பது? எனக்கு வாய்த்த எச்.எம். அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எட்டாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் 40 பக்க நோட்டோடு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு விகிதம். புத்தகத்தில் இருந்த கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். பீரியட் முடிந்ததும் நோட்டைக் கொடுத்தார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தது: "11 கேள்வி கேட்டீர்கள். 11-க்கும் நீங்களே பதில் சொன்னீர்கள். மூன்றாம் வரிசைப் பையன் இரண்டு தடவை கையைப் பாதி தூக்கி இறக்கினான்." அந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சிய பணத்தைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் எப்படிப் பங்கு வைப்பார்கள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். அதே பையன் எழுந்து, அவன் அப்பா போகிற படகின் பங்குக் கணக்கை ஒப்பித்தான். வகுப்பே அவனைத் திருத்தவும் ஏற்கவுமாகப் பேச ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பத்து எண்ணுவதுதான் மாலத்தீவில் என்னைக் காப்பாற்றியது. அங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது திவேஹி. கேள்வி ஆங்கிலத்தில் போய், அவர்கள் மொழிக்குள் புரண்டு, பதில் ஆங்கிலத்தில் திரும்பி வர நேரம் ஆகும். பொறுக்கத் தெரியாத டீச்சருக்கு அங்கே வகுப்பு பிடிபடாது.

ஆகவே, சேர்ந்த மாதமே ஒரு மூத்த ஆசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். "சார், மாதம் ஒரு பீரியட் என் வகுப்பில் வந்து உட்காருங்கள், தப்பை எழுதிக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் வகுப்பில் நீங்களும் போய் உட்காருங்கள். தேதி, வகுப்பு, பாடம், அவர் எழுதியது, அடுத்த வாரம் நீங்கள் மாற்றியது, அவர் கையெழுத்து: எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். "ஒரு மாணவனுக்குப் புரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று வெளிநாட்டு இன்டர்வியூவில் நிச்சயம் கேட்பார்கள். அந்த நோட்டு இருக்கிறவரால் ‘இந்தப் பையன், இந்த நாள்’ என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியும்.

அப்புறம் காகிதம். இதில் நான் அடிபட்டவள். முதலில் வேலை பார்த்த பள்ளியில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தரவில்லை, சம்பளம் கவரில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். கேட்கத் தயங்கிவிட்டேன். பிறகு அனுபவச் சான்று கேட்டபோது அந்த ஒரு வருஷத்தை என்னால் நிரூபிக்க முடியவில்லை. வளைகுடாப் பள்ளிகள் பலவும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கின்றன. அதில் ஒரு வருஷம் கரைந்து போனால் வயிறு எரியும். சம்பளத்தை பேங்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஆர்டரை வாங்குங்கள். பணிச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பாடம், வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லாமே இருக்கட்டும். "நன்றாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியை வைத்து யாரும் எதையும் கணக்கிட முடியாது.

பெயர் இன்னொரு தலைவலி. நம் மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதச் சொல்வார்கள். பத்தாம் வகுப்புச் சான்று, டிகிரி, பி.எட்., பாஸ்போர்ட் நான்கையும் மேஜையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள், விசா நேரத்தில் இல்லை. போலீஸ் கிளியரன்ஸையும் பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான் வாங்க வேண்டும். நமக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்.

சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் அட்டெஸ்டேஷன் நடக்கும் வரிசை: பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, பிறகு மாநில அரசு, பிறகு டெல்லியின் வெளியுறவு அமைச்சகம். பி.எட். தரும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது, அமைச்சகத்தின் கிளையும் சென்னையில் இருக்கிறது, ஆகவே ராமேஸ்வரம் ரயிலில் இரண்டு மூன்று இரவுகள் போகும். புரொவிஷனலை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், பட்டமளிப்புச் சான்றிதழ் கைக்கு வரட்டும். பிரிட்டன், ஓமன் போன்ற நாடுகளுக்கு அப்போஸ்டில், அதாவது வெளியுறவு அமைச்சகம் வைக்கும் சர்வதேச முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அவர்கள் தூதரக முத்திரையும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். மேலே கேட்பது ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ். என்ன கணக்கு என்று பில் கேளுங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டையும் அப்படியே பாருங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அவர் லைசென்ஸ் இருக்கிறதா என்று தேடலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். தமிழ்நாடு அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கும் பதிந்து வையுங்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுத பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.

இப்போது இங்கிலாந்து. என் அண்ணன் மகள் கணக்கில் பி.எட். முடித்து அதற்குத்தான் முயல்கிறாள். 2023 பிப்ரவரியில் இருந்து இந்தியாவில் தகுதி பெற்ற கணக்கு, அறிவியல், மொழிப்பாட ஆசிரியர்கள், 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தத் தகுதி உள்ளவர்கள், அந்த நாட்டின் ஆசிரியர் தகுதிக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தத் தகுதி வேலையும் ஆகாது, விசாவும் ஆகாது. ஸ்பான்சர் செய்யும் பள்ளியைத் தனியாகத் தேட வேண்டும். அனுபவம் இரண்டு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால், மேலே சொன்ன இரண்டு வருஷ இண்டக்ஷனை அங்கே முடிக்க வேண்டும். "அத்தை, அதுவும் நல்லதுதானே, யாராவது பார்த்துச் சொல்லுவாங்க" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இருந்தாலும் இங்கே இரண்டு வருஷத்தை முடித்துவிட்டுப் போ என்றுதான் சொல்லியிருக்கிறேன். முதல் வகுப்பின் பயம், குளிர், புது ஊர் மூன்றையும் ஒரே வருஷத்தில் சுமக்க வேண்டாம்.

அவள் விண்ணப்பத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். வேலை பார்த்த பள்ளியில் ஒருவரின் இமெயில் கேட்பார்கள். இங்கிலாந்திலிருந்து அவருக்கே நேராகக் கடிதம் போகும், அவர் பதில் எழுத வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிகளில் இமெயில் முகவரி லெட்டர்பேடில் இருக்கும், திறக்கிற ஆள் இருக்க மாட்டார். ஆகவே போன வாரம் அவளோடு பள்ளி ஆபீசுக்குப் போய், கிளார்க் தம்பியின் கம்ப்யூட்டரில் பள்ளி மெயிலைத் திறக்கச் சொன்னோம். பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லை. முன்பு இருந்த கிளார்க்குக்கு போன் போட்டு, அவர் மொபைலுக்கு வந்த எண்ணை வாங்கி, ஒரு மணி நேரத்தில் திறந்தோம். அவள் தன் போனிலிருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பினாள். எச்.எம். சார் அதைப் படித்து, "வந்துவிட்டது" என்று பதில் போட்டார். பாஸ்வேர்டை ரிஜிஸ்டரின் உள்ளட்டையில் எழுதி பீரோவில் வைத்தாயிற்று. விண்ணப்பம் போடுவதற்கு முன் நீங்களும் உங்கள் பள்ளிக்குப் போய் இதைச் செய்துவிடுங்கள்.