அரசுப் பள்ளிப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது எப்படி: புதிதாக வழிகாட்ட வருபவர்களுக்கு

பிளஸ் டூ தேர்ச்சி பெற்றும் கல்லூரிப் பக்கமே போகாத பிள்ளைகள் நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். மே மாதம் மதிப்பெண் வருகிறது. ஜூலையில் விசாரித்தால் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான், ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்களில் பலருக்குப் படிப்பு வராமல் இல்லை. மதிப்பெண் வந்த நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் நடுவே உள்ள சில வாரங்களில் கூட நிற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் யாருமே கல்லூரி பார்த்ததில்லை என்னும்போது எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்பதே தெரியாது.

கூட நிற்கும் அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். அதற்குப் பாடம் நடத்தத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும், வாரத்துக்கு ஓரிரு மணி நேரமும், தாலுகா அலுவலகத்தில் காத்திருக்கும் மனமும் போதும்.

1. பள்ளி வழியாகப் போங்கள், டிசம்பருக்குள் தொடங்குங்கள்

ரிசல்ட் வந்தபின் தொடங்கினால் தாமதம். அரையாண்டுத் தேர்வு சமயத்திலேயே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரிடம் "யார் நன்றாகப் படிக்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள். "யார் நின்றுவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். யோசிக்காமல் நாலு பெயர் சொல்வார். முதல் வருடம் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போதும்.

சந்திப்பு எப்போதும் பள்ளியிலோ நூலகத்திலோ நடக்கட்டும், வீட்டுக்கும் பள்ளிக்கும் தெரிந்தே நடக்கட்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் வழிகாட்டி கிடைத்தால் நல்லது. பிள்ளை 18 வயது நிரம்பாதவர் என்பதை எந்த இடத்திலும் மறக்கக்கூடாது. கல்யாணப் பேச்சோ, அடி உதையோ காதில் விழுந்தால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

2. முதல் சில சந்திப்புகளில் அறிவுரை வேண்டாம்

என்ன படிக்க ஆசை என்று எடுத்த எடுப்பில் கேட்டால் "தெரியல சார்" என்றுதான் பதில் வரும். அதைவிட வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். முகூர்த்த நாட்களில் மட்டும் ஒரு பையன் வராமல் இருந்தால் கேட்டரிங் வேலைக்குப் போகிறானோ என்று விசாரியுங்கள். இரவெல்லாம் பந்தி பரிமாறிவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்குபவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவது எளிது. அவன் சம்பாத்தியம் வீட்டில் எதற்குப் போகிறது என்று தெரிந்தால், கல்லூரிப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்பது உங்களுக்கே பிடிபடும்.

3. வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்

என் கணிப்பில் மொத்த வேலையில் பாதி இதுதான். ஆசிரியரோ பிள்ளையோ கூட இருக்க, பெற்றோர் வேலை முடிந்து வரும் நேரத்தில் போங்கள். பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும்.

முதலாவது பணம். "மூணு வருசம் படிக்க வச்சா எவ்வளவு தம்பி ஆகும்?" இதற்கு வாயால் பதில் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை, மற்ற கட்டணங்கள் சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையனுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1000 ரூபாய், படிப்பு முடியும்வரை அவர்கள் கணக்கிலேயே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. வரவு, செலவு இரண்டையும் எழுதி முடித்ததும் அந்தத் தாளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் போனபின் அவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆனால், வேலைக்குப் போனால் வரக்கூடிய சம்பளம் வராதே என்ற கணக்கும் அவர்கள் மனதில் ஓடும். அது நியாயமான கணக்கு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் உங்களை நம்பமாட்டார்கள். "படிச்சு முடிச்சா வேலை நிச்சயமா?" என்று கேட்டால் நிச்சயம் என்று சொல்லாதீர்கள். டிகிரி இருந்தால் எந்தெந்தத் தேர்வு எழுதலாம், எந்தெந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி பெண் வீட்டில் வரும். "பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் எப்படி அனுப்புறது?" இதற்குப் பேச்சு பதிலாகாது. ஒரு நாள் அந்த அம்மாவையும் மகளையும் அதே பேருந்தில் ஏற்றிக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். கேன்டீன், கழிப்பறை, விடுதி, திரும்பும் பேருந்து நிற்கும் இடம் எல்லாவற்றையும் அவரே பார்க்கட்டும். அதே கல்லூரியில் படிக்கும் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி இரண்டு வார்த்தை பேசினால், நீங்கள் ஒரு மணி நேரம் பேசியதைவிடப் பலன் அதிகம்.

4. சான்றிதழ்களைத் தேர்வுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் (வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்பதற்கானது), இவற்றுக்கெல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று மேலே போகும். ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே விண்ணப்பிக்கும், அப்போது சர்வர் நகராது. ஜனவரி, பிப்ரவரியில் போட்டால் நிம்மதியாகக் கைக்கு வரும். வருமானச் சான்றிதழ் மட்டும் ஒரு வருடம்தான் செல்லும், தேதியைப் பார்த்து எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் இன்ஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பிறந்த தேதியும் மாறியிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் விட்டால் உதவித்தொகை சமயத்தில் கழுத்தைப் பிடிக்கும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், அதோடு ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். பாஸ்புக் இருக்கிறது என்பதால் ஆதார் இணைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாமல் வங்கியில் நேராகக் கேட்டு வாருங்கள்.

5. எங்கே, என்ன படிப்பு

பொறியியல் என்றால் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்குக் கணக்கிடும் மதிப்பெண், 200-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மதிப்பெண்ணைச் சுருக்கிக் கூட்ட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மே மாதத்தில் தனியார் கல்லூரி ஏஜென்ட்கள் வீடு தேடி வருவார்கள். "சீட் கன்ஃபார்ம், முதல் வருசம் ஃபீஸ் கம்மி, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுங்க" என்பார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடத்தில், சேர்ந்துவிட்டால் 7.5 சதவீதச் சலுகையும் கிடைக்காது, முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காது. இரண்டுமே அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருபவர்களுக்குத்தான். கலந்தாய்வு முடியும்வரை ஒரிஜினல்கள் வீட்டுப் பெட்டியைவிட்டு வெளியே போகக்கூடாது என்று பெற்றோரிடம் மார்ச்சிலேயே சொல்லி வையுங்கள்.

கலை அறிவியல் படிப்புக்கு எல்லா அரசுக் கல்லூரிக்கும் சேர்த்து இணையத்தில் ஒரே விண்ணப்பம். தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் சேர அந்தந்த மொழிப் பாட மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். மற்ற படிப்புகளுக்கு மொழிப் பாடங்கள் நீங்கலாக மீதி நான்கு பாடங்களின் 400 மதிப்பெண். மொத்தம் குறைவாக இருந்தாலும் தமிழில் 90 வாங்கிய பிள்ளைக்குத் தமிழ்த் துறையில் நல்ல வாய்ப்பு இருக்கலாம். பாலிடெக்னிக், ஐடிஐ இரண்டையும் மட்டமாகப் பேசாதீர்கள். கை வேலையில் ஆர்வமுள்ள பையனுக்கு அரசு ஐடிஐ நல்ல வழி, அங்கும் அந்த 1000 ரூபாய் உண்டு.

6. விண்ணப்பத்தில் எந்த போன் நம்பர்?

சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் சீட்டே இதில் போய்விடும். ஓடிபியும் ஒதுக்கீட்டுத் தகவலும் விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்குத்தான் வரும். அந்த போன் வெளியூர் வேலைக்குப் போன அப்பாவிடம் இருந்தாலோ, ரீசார்ஜ் போடாமல் கிடந்தாலோ என்ன செய்வது? ஆகஸ்ட்வரை உயிரோடு இருக்கும் ஓர் எண்ணை, வீட்டிலேயே இருக்கும் போனில் வைத்துக் கொடுங்கள். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கொடுத்த கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். விருப்பப் பட்டியலில் நான்கைந்து கல்லூரியோடு நிறுத்தாமல், போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள எல்லாவற்றையும் பிடித்த வரிசையில் போடுங்கள். கடவுச்சொல்லைப் பிள்ளையின் நோட்டில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மவுஸும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

7. ஒரு பாடம் போய்விட்டால்

ரிசல்ட் அன்றைக்கே போன் செய்யுங்கள். மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவில் பிள்ளை தனியாக இருக்கக்கூடாது. பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் கொடுத்து வையுங்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க ரிசல்ட் வந்து சில நாட்கள்தான் அவகாசம் இருக்கும், பள்ளியிலேயே போடலாம். துணைத் தேர்வில் தேறியவர்களுக்கு அதே ஆண்டில் சேர இடம் மீதமிருக்கும் கல்லூரிகள் உண்டு. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களுக்காக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கும். அங்கே போனால் சேர்க்கை, சான்றிதழ், வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

8. சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர்

அட்மிஷன் போட்டதும் வேலை முடிந்தது என்று விலகிவிடாதீர்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் நடக்கும் முதல் வகுப்பில் உட்கார்ந்து "எனக்கு இது ஆகாது" என்று முடிவு கட்டுவது முதல் மாதத்தில்தான். வாரம் ஒருமுறை போன் போடுங்கள். "எப்படிப் போகுது?" என்றால் "நல்லாப் போகுது" என்பார்கள். "இந்த வாரம் எத்தனை நாள் போனே? மத்தியானம் எங்கே சாப்பிட்டே? யார் பக்கத்துல உட்கார்றே?" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்றால், அதே ஊரிலிருந்து வரும் சீனியர் ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், அதற்காகப் படிப்பை விட வேண்டாம் என்பதையும் ரிசல்ட்டுக்கு முன்பே பெற்றோர் காதில் போட்டு வையுங்கள்.

அக்டோபர் வாக்கில் ஒருமுறை பாஸ்புக்கைப் பதிவு போட்டுப் பாருங்கள். 1000 ரூபாய் ஏறாமல் இருந்தால் கல்லூரியில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு ஆசிரியரைப் பிள்ளையோடு சேர்ந்து போய்ப் பாருங்கள். எந்த ஆவணம் குறைகிறது என்று அவர் சொல்வார்.